உள்ளடக்கப்பட்டவள்

சோதனைக்காரிக்கு வேலை கிடைத்த செய்தி, அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் வாசல் திரைக்குத் தெரிந்திருந்தது. ஆளுயரத் திரையில், ‘வருக, எங்கள் முதல் அரிய மூளையே’ என்று எழுத்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பையனின் படம். பத்து வயதிருக்கும். கையில் கனசதுரப் புதிரை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எங்கோ வெறித்திருந்தான். சோதனைக்காரிக்கு முப்பத்து மூன்று வயது. புதிர்கள் என்றாலே அவளுக்கு எரிச்சல்.

மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் அதைக் குடைந்து பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவள் தொழில். ஆகவே சோதனைக்காரி. பெயர் வைத்தது அவளுடைய அக்கா. வைத்த காலத்தில் தொழிலை மட்டும் மனத்தில் வைத்து வைத்தாளா என்பது சந்தேகம்தான். உப்பு டப்பாவில் ஒட்டிய சீட்டு கோணலாக இருந்தால் தங்கை அதை நேராக்காமல் சாப்பிட உட்கார மாட்டாள்.

வேலை செய்யத் தெரிந்தும் நான்கு வருஷம் அவளுக்கு நிரந்தர வேலை அமையவில்லை. நேர்முகத் தேர்வில்தான் எல்லாம் கெட்டுப்போகும். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்கள். மற்றவர்கள், நான் அளவுக்கு மீறி உழைப்பேன் என்று கூச்சத்தோடு ஒத்துக்கொள்வார்கள். இவள், ஏழு இருக்கிறது, வரிசையாகச் சொல்லட்டுமா என்று கேட்பாள். சொல்லவும் சொல்வாள். கடைசியில் அலுத்துப்போன அக்கா, விண்ணப்பத்திலேயே உனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று எழுதிவிடு, வருவது வரட்டும் என்றாள். எழுதினாள். வந்ததுதான் இது.

தேர்வு அறைக்குள் அவள் நுழைந்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சத்தம் வரவில்லை. சத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொல்லியிருந்ததால், கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காற்றில் ஆட்டினார்கள். திருடனிடம் மாட்டிக்கொண்டவர்கள் போல நின்ற அந்த ஐந்து பேரைப் பார்த்து அவளும் பயந்து கைகளைத் தூக்கினாள்.

நடுவில் இருந்த அம்மாளின் முன்னால் ‘தலைமை உள்ளடக்க இயக்குநர்’ என்று பலகை இருந்தது. புத்தகங்களின் முதல் பக்கத்தில் வருகிற உள்ளடக்கத்தைத் தயாரிப்பவர் போலிருக்கிறது என்று சோதனைக்காரி நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை, ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே சேர்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் உள்ளடக்கம் என்று இயக்குநர் விளக்கினார். ‘உள்ளே’ சரி, ‘அடக்கம்’ எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் இயக்குநர் கேட்டுவிட்டார்.

“கண்ணு, எழுபத்தேழாம் வருஷம் மார்ச் ஒம்பதாந் தேதி என்ன கிழமை?”

“தெரியலை மேடம். போன்ல பாத்துச் சொல்லட்டுமா?”

இயக்குநர் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களா, பொய்யே வராது இவங்களுக்கு,” என்றார்.

வேலை கொடுத்துவிட்டார்கள். பிழை கண்டுபிடிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் அவள் கழுத்தில் ஊதாக் கயிறு ஒன்றை மாட்டினார்கள். மற்ற ஆயிரத்து எண்ணூறு பேருக்கும் அடையாள அட்டை தொங்கியது சாம்பல் கயிற்றில். ஊதா எதற்கு என்றால், பார்த்தவுடனே எல்லோரும் அன்பாக நடந்துகொள்வதற்கு. அன்பு தானாக வந்துவிடாதல்லவா, அதற்காக ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அரை நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் வழங்கியிருந்தார்கள். கண்ணைப் பார்க்கக் கூடாது, மூன்று சொல்லுக்கு மேல் ஒரே மூச்சில் பேசக் கூடாது, கேலி கூடாது, திடீரென்று எதிரே வரக் கூடாது.

பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. லிஃப்டுக்குள் அவள் ஏறினால் உள்ளே இருந்த எட்டுப் பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடைபாதையில் எதிரே வந்தவர்கள் விட்டத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். அதில் ஒருவர் தண்ணீர் இயந்திரத்தில் முட்டிக்கொண்டார். தேநீர் இடைவேளையில் ஒரு பெண் அவள் அருகில் வந்து, தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, “தேநீர். சூடு. கவனம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குச் சாதாரணமாகப் பேசினால் புரியும். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் ஒரு கட்டிடம் முழுக்க அவளைப் பார்க்காமல் இருப்பது அதைவிடச் சிரமமாக இருந்தது.

பிறகு அமைதி அறை. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது அவள் போய் உட்காருவதற்காகக் கட்டிய அறை அது. பஞ்சு வைத்த சுவர், மங்கலான விளக்கு, மெத்தென்ற நாற்காலி. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைத் திறந்துவைக்க வாத்தியக் கோஷ்டி வந்தது. இருநூறு பலூன்கள் கட்டி, நாடாவை வெட்டும் கணத்தில் அத்தனையையும் ஊசியால் குத்தினார்கள். அமைதி அறைக்குள் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்த சோதனைக்காரியை நான்கு கோணங்களில் படம் எடுத்தார்கள். ‘தன் இடத்தைக் கண்டடைந்தாள்’ என்று அந்தப் படத்துக்குத் தலைப்பு.

அன்றோடு அறையைப் பூட்டிவிட்டார்கள். வெளியார் வந்து பார்க்கும்போது சுத்தமாக இருக்க வேண்டும். சாவி காவலரிடம். வாங்க ஒரு படிவம், மூன்று கையெழுத்து. படிவத்தின் ஆறாவது கேள்வி, ‘பதற்றம் ஏற்படவிருக்கும் உத்தேச நேரம்’. இரண்டு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். தாங்க முடியாதபோது சோதனைக்காரி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே கையெழுத்துக் கேட்கவில்லை.

வேலை மட்டும் வரவேயில்லை. மூன்றாவது வாரம் அவளாகப் போய்க் கேட்ட பிறகு, கைவேலையாக இருக்கட்டும் என்று ஒரு மென்பொருளின் நகலைக் கொடுத்தார்கள். ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்காக அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது. குழந்தையின் எடையைச் செவிலியர் அதில் அடித்தால், நரம்பு வழியாக எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஏற்கெனவே சோதித்து முடித்தாகிவிட்டது, அடுத்த மாதம் ஒப்படைப்பு, நீ சும்மா தொட்டுப் பார் என்றார்கள். அவளுக்குச் சும்மா தொட்டுப் பார்க்க வராது.

இரண்டாம் நாள் ஒரு எண்ணை அடிக்கும்போது விரல் தவறிப் புள்ளி விட்டுப்போயிற்று. 3.2 கிலோ என்பது 32 ஆகிவிட்டது. அழித்துவிட்டுச் சரியாக அடித்தாள். திரையில் எடை 3.2 என்றே இருந்தது. மருந்தின் அளவு மட்டும் மாறவில்லை. முப்பத்திரண்டு கிலோவுக்கான மருந்து, பிறந்த குழந்தைக்கு. மறுபடி செய்தாள், மறுபடியும் அதே. வேறு எடைகள் போட்டு நாற்பது தடவை செய்து பார்த்தாள். முதலில் தப்பாக அடித்துப் பிறகு திருத்தினால், திரை திருத்தத்தைக் காட்டியது, கணக்கு தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒவ்வொரு படியாக, ஒரு குழந்தைகூடப் பின்பற்றிச் செய்து பார்க்கும்படி அறிக்கை எழுதினாள். பிழைகளை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அனுப்பியவர் நலன் அலுவலர்.

‘உங்கள் உணர்வைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. பகிர்வதற்குத் துணிச்சல் வேண்டும்.’

இடம் மாறிப் போய்விட்டது என்று மறுபடி அனுப்பினாள். மறுபடி நன்றி. மூன்றாவது முறை அவரே அவள் மேஜைக்கு நேரில் வந்தார். சின்ன வயசு, மென்மையான குரல், கையில், பதற்றம் வந்தால் பிசைவதற்கான ஒரு ரப்பர் பந்து. எதிரில் உட்காராமல், பயிற்சியில் சொன்னபடி, பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

“பத்து மடங்கு பத்து மடங்குன்னு எழுதியிருக்கீங்க. அப்படி எழுதும்போது உடம்புல எந்த இடத்துல அது தெரியுது?”

“எனக்கில்லை சார். குழந்தைக்கு. ரத்தத்துல.”

அவர் அதைக் குறித்துக்கொண்டு, பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் தினமும் அனுப்பினாள். நாலாவது அறிக்கைக்குப் படம் சேர்த்தாள். ஆறாவதுக்கு ஒளிப்பதிவு. அவளுடைய கோப்பில், ‘ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், எதிர்பார்த்ததே’ என்று ஏறியது. எட்டாவது அறிக்கைக்குப் பிறகு இரண்டாவது பந்து வந்தது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா பேருந்துப் பணிமனையில் வேலை பார்ப்பவள். எந்த வண்டி எப்போது வெளியே போகலாம் என்று சீட்டுக் கிழிப்பது அவள்தான். முதலில் அவள் காது கொடுத்துக் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்து அமைந்த வேலை, அதைப் போட்டு உடைக்காதே, பெரிய ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கெதற்கு வம்பு என்று துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். தங்கை அலுவலக மடிக்கணினியைத் திறந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, நீயே அடி என்றாள். அக்கா அடித்தாள். அழித்தாள். திருத்தி அடித்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

“இது தெரிஞ்சும் அனுப்பப் போறாங்களா?”

“தெரியாதுக்கா. யாரும் படிக்கலை.”

“பிரேக் பிடிக்காத வண்டியை வெளிய விட்டா என்னை உள்ள வெப்பாங்க,” என்றாள் அக்கா. பிறகு, “வேலை போனாப் போகட்டும். நீ விடாதேடி,” என்றாள்.

அந்த நிறுவனத்தில் இரண்டாவது மாடியில் ஒருவர் இருந்தார். தரவுக் கிடங்குகளைப் பராமரிப்பவர், கிடங்குக்காரர் என்பார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே மூலை, ஒரே மேஜை. மதியம் சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்குத் தனியாகச் சாப்பிடுவார். யாராவது தோளைத் தொட்டால் துள்ளிவிடுவார். கணினிகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார், குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். அவருக்கு யாரும் ஊதாக் கயிறு மாட்டவில்லை. கொஞ்சம் ஒரு மாதிரி, ஆனால் ஆள் கெட்டிக்காரர் என்று விட்டுவிட்டார்கள்.

அவரிடம் போய்த் தன் அறிக்கைகள் எங்கே போகின்றன என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். ஆனால் அது பயிற்சியால் வந்ததல்ல, அவள் பார்க்காததைப் போலத்தான் அவரும் பார்க்காமல் இருந்தார். தேடி எடுத்துக் காட்டினார். ஊதாக் கயிற்றுக்காரர்கள் எது எழுதினாலும் நலன் பிரிவின் ‘மனம் திறந்து’ என்ற பெட்டிக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். பதினோரு அறிக்கைகளும் அங்கே பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இதயம்.

“உங்களுக்கும் ஆட்டிசம் இருக்கா?” என்று கேட்டாள் அவள்.

“இருக்கும். நான் சொல்லிக்கலை,” என்றார் கிடங்குக்காரர். “அதனாலதான் என்னை வேலை செய்ய விடறாங்க.”

அவள் அறிக்கையை அவர் தன் பெயரில் அனுப்பினார். நாலே நிமிஷத்தில் திட்ட மேலாளர் அதைத் திறந்தார், ஐந்தாவது நிமிஷத்தில் ‘ஒப்படைப்புக்குப் பின்’ என்று முத்திரை குத்தி மூடினார். ஆக, படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. அதைக் கண்ட பிறகுதான் சோதனைக்காரிக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. அதுவரை அது ஏதோ வழி தவறிய தபால் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஏழு பேர். அவளையும் கூப்பிட்டார்கள், ‘அனுபவ சாட்சி’ என்ற பெயரில். சாட்சி கேட்டால் மட்டும் பேச வேண்டும். திட்ட மேலாளர் நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேச மாட்டார். அவர் பிரச்சினையை எடுத்துச் சொன்னார்.

“ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா அது நம்ம தப்பு. பின்னாடி கண்டுபிடிச்சா அது அடுத்த பதிப்பு. எனக்குத் தப்பு இருக்குன்னு அதிகாரபூர்வமாத் தெரிஞ்சா நான் திருத்தியாகணும். அதனால எனக்குத் தெரியாமப் பாத்துக்கோங்கன்னுதான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கறேன்.”

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். இயக்குநர் அடுத்துப் பேசினார். நேர்மை இவர்களுடைய வரம் என்றார். அந்த வரத்தை நாம் கொண்டாட வேண்டும், அதே நேரம் நேர்மைக்கும் இடம் பொருள் உண்டு என்று அவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். தீர்மானம் நிறைவேறியது. ஒப்படைப்பு விழாவில் சோதனைக்காரி மேடையேறி இரண்டு வாக்கியம் நன்றி சொல்வது. அவளுக்குத் தன்னம்பிக்கை வளர்ந்தால் இந்தப் பிழை விவகாரம் தானாகச் சரியாகிவிடும்.

“பிழை சரியாகாது மேடம்,” என்றாள் அவள்.

சாட்சியை யாரும் கேட்கவில்லை என்று நலன் அலுவலர் மென்மையாக நினைவுபடுத்தினார்.

விழா நாளில் மருத்துவமனையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூவர் நிர்வாகிகள். நாலாவது ஆள், குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியர். அந்த அம்மாள் காலையில்தான் வேலை முடித்துக் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார் போலும், நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு காலை மாற்றி ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் விருந்தினர்களுக்குக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அமைதி அறையைத் துடைத்துத் திறந்துவைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுச் சோதனைக்காரியை உட்காரவைத்திருந்தார்கள். பின்னால் சுவரில் அந்தப் பையனின் படம்.

இயக்குநர் விருந்தினர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“நாங்க இவங்களுக்கு வேலை குடுக்கலை. வேலை எந்தக் கம்பெனி வேணும்னாலும் குடுக்கும். நாங்க இவங்களைக் கொண்டாடறோம். இவங்க என்ன செய்யறாங்கன்னு நாங்க கேக்கறதே இல்லை. இவங்க இங்க இருக்காங்க, அது போதும். இவங்களால எங்களுக்கு மூணு விருது வந்திருக்கு. ஆனா நாங்க விருதுக்காகச் செய்யலை, அது நாலாவது வரும்போது எல்லாருக்கும் புரியும்.”

நிர்வாகிகள் கைகளைத் தூக்கிக் காற்றில் ஆட்டினார்கள். சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தலைமைச் செவிலியருக்கு நிற்க முடியவில்லை. காலியாக இருந்த நாற்காலியை இழுத்துச் சோதனைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டார்.

“நீ என்னம்மா பண்றே இங்க?”

அந்தக் கட்டிடத்தில் அவளை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. மனப்பாடம் செய்திருந்த இரண்டு வாக்கிய நன்றி தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும். அதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள்.

“சிஸ்டர், இதுல முப்பத்திரண்டுன்னு அடிங்க. தப்புன்னு வெச்சுக்கோங்க. அழிச்சுட்டு மூணு புள்ளி ரெண்டுன்னு அடிங்க. இப்ப மருந்தைப் பாருங்க.”

“இது இவங்க வணக்கம் சொல்ற முறை,” என்றார் இயக்குநர் சிரித்துக்கொண்டே.

தலைமைச் செவிலியர் சிரிக்கவில்லை. எண்ணை உற்றுப் பார்த்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தானே மறுபடி அடித்தார். இன்னொரு எடை. இன்னொரு மருந்து. நாலாவது முறை முடிந்ததும் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாங்க புள்ளியைத்தான் திருப்பித் திருப்பிப் பாப்போம்,” என்றார் மெதுவாக. “புள்ளி சரியா இருந்தா மருந்தை ஏத்திடுவோம்.” பிறகு அவளிடம் கேட்டார். “இது வேற யாருக்குத் தெரியும்?”

யார் யாருக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள். தேதிவாரியாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு அனுப்பினாள், எத்தனை மணிக்கு நன்றி வந்தது, கிடங்குக்காரர் அனுப்பியதை யார் எத்தனாவது நிமிஷத்தில் மூடினார், கூட்டத்தில் திட்ட மேலாளர் என்ன சொன்னார், எல்லாம். வார்த்தை மாறாமல் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. இடையில் நலன் அலுவலர் வந்து, அவளுக்கு இப்போது அமைதி தேவைப்படுகிறது, உள்ளே அழைத்துப் போகலாம் என்று சொல்லி அறையின் கதவைத் திறந்து பிடித்தார். தலைமைச் செவிலியர் அவரைத் திரும்பிப் பார்த்து, “நீங்க போய் உக்காருங்க தம்பி,” என்றார்.

அன்று கையெழுத்தாகவில்லை. வாத்தியக் கோஷ்டி மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் கீழே வாசித்துக்கொண்டிருந்தது.

வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று அக்காவும் தங்கையும் எதிர்பார்த்து, மறுநாளே அவள் மேஜைச் சாமான்களை எடுத்துவர ஒரு பையோடு போனார்கள். தூக்கவில்லை. வாசல் திரையில், ‘அரிய மூளை உயிர்களைக் காத்தது’ என்று எழுத்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. உள்ளடக்கத் திட்டத்தின் தொலைநோக்குதான் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது என்று இயக்குநரின் பேட்டி. சோதனைக்காரிக்குப் பதவி உயர்வு, ‘பெருமைத் தூதர்’. தூதர்களுக்குக் கணினி எதற்கு என்று அதை எடுத்துக்கொண்டார்கள். கிடங்குக்காரரையும் விடவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து அவரைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஊதாக் கயிறு மாட்டி, மூலையிலிருந்து எடுத்து வரவேற்பறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லி அவரிடம் கிழமை கேட்டார்கள். அவர் சொல்லவும் சொன்னார், பாவம், அவருக்கு அது தெரியும். பதில் சொல்லும்போதெல்லாம் அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பையைப் பிடித்துக்கொண்டு சோதனைக்காரி அவர் எதிரில் வெகுநேரம் நின்றாள். என்னால்தானே என்றாள். அறிக்கை நன்றாக எழுதியிருந்தாய், அவ்வளவுதான் அவர் சொன்னார்.

அங்கேயே நின்று ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஒரே வரி. வீடு வந்து சேர்வதற்குள் போனில் பதில் வந்துவிட்டது.

‘உங்கள் உணர்வைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.’

ராஜினாமாவை அவர்கள் ஏற்கவே இல்லை. மூன்று தடவை எழுதினாள். அரிய மூளைகளின் எண்ணிக்கை குறைந்தால் நாலாவது விருது கிடைக்காது. அவள் போகாமலே அவளுக்கு வருகைப் பதிவு விழுந்தது. அந்த வருஷம் முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்காத ஊழியர் என்று அவளைப் பாராட்டி ஒரு சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. அக்கா அதைக் கிழித்துக் காகிதக் கூடையில் போட்டாள்.

தலைமைச் செவிலியர்தான் அவளைக் கூப்பிட்டு அனுப்பியவர். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்குப் பக்கத்தில், மூன்று பேர் வேலை செய்கிற ஓர் அறை. வார்டுக்குள் எந்த மென்பொருள் வந்தாலும் முதலில் அங்கே பார்த்துத்தான் மேலே அனுப்புவார்கள். பார்க்க ஆள் போதவில்லை. பழைய கணினி ஒன்றைக் காட்டி, இதில் என்ன தப்பு இருக்கிறது, பார் என்றார்கள். அதுதான் தேர்வு. மதியத்துக்குள் ஆறு சொன்னாள். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடு என்றார்கள். தலைக்கு மேல் இருந்த குழல் விளக்கு துடிப்பது கண்ணைக் குத்துகிறது என்று அவள் சொன்னபோது, பக்கத்து மேஜைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே முக்காலியில் ஏறி அதைக் கழற்றினார். அவ்வளவுதான், விழா எதுவும் நடக்கவில்லை. அவள் சில சமயம் ஒரே பேச்சை நீட்டிக்கொண்டு போனால், “போதும், வேலையைப் பாரு,” என்பார் அவர். அவளுக்கு அது பிடித்திருந்தது.

எட்டு மாதம் கழித்து, திருத்திய மென்பொருளை ஒப்படைக்க அந்த நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை உள்ளடக்க இயக்குநரும் வந்திருந்தார், மருத்துவமனையிலும் ஒரு அமைதி அறை திறக்கலாமா என்று பேச. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் கழுத்தில் வெள்ளைக் கயிறு தொங்கியதால் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கைகுலுக்கி, நேருக்கு நேர் கண்ணைப் பார்த்து, மடமடவென்று பேசினார். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, தயவுசெய்து இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

“போட முடியாது,” என்றாள் சோதனைக்காரி. அறிக்கையை எடுத்துத் திட்ட மேலாளர் முன்னால் வைத்தாள். பத்தொன்பது பிழைகள், முப்பத்தோரு பக்கம்.

நல்ல மனிதரான திட்ட மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. இதெல்லாம் அற்பம், வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினார். மேஜையைத் தட்டினார். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் அவளிடம் கோபப்பட்டது அதுவே முதல் முறை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

“படிங்க சார். படிச்சுட்டுப் பேசுங்க,” என்றாள்.

வேறு வழியில்லாமல் அவர் படித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, உதடு அசைய. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இயக்குநர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். படித்து முடித்த மேலாளர், குரல் இறங்கிப்போய், பதினாலாவது எப்படி வருகிறது என்றே தனக்குப் புரியவில்லை, கொஞ்சம் விளக்க முடியுமா என்று கேட்டார்.

அவள் விளக்கினாள். முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் அவர் புரிகிறது என்றார், அவள் நம்பாமல் அந்த இடத்தை மறுபடி சொன்னாள். நாற்பத்தைந்து நிமிஷம் விடாமல் பேசினாள். ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லிப் பேச்சை முடிக்கவில்லை. எழுந்து போகவும் யாராலும் முடியவில்லை. அவள் வாடிக்கையாளர்.